தேவையில்லை என்று எழுதியவர்

அந்த விமான நிலையத்தில் எண்ணூறு பேர் வேலை செய்தார்கள். பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தால் முகம் மலர்கிற ஆள் அவர்களில் ஒருவர்தான். அதனால் அவருக்குப் பெயரே 'ட்ரெயினிங் சார்' என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. பறவை விரட்டும் பயிற்சி, ஓடுபாதைக்குக் கோடு போடும் பயிற்சி, இரைச்சல் அளக்கும் பயிற்சி, பயணிகளைப் பார்த்துப் புன்னகைக்கும் பயிற்சி என்று பதினோரு வருடத்தில் பதினான்கு முடித்திருந்தார். புன்னகைப் பயிற்சிக்கு இவர் எதற்கு என்று கேட்காதீர்கள். இவர் உட்காரும் அறைக்குள் ஒரு பயணிகூட இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய வேலை ஸ்டாண்டு போடுவது. பஸ்ஸுக்கு ஸ்டாண்டு இருப்பதுபோல விமானத்துக்கும் உண்டு, பெயரும் அதேதான். அங்கே இருபத்திரண்டு ஸ்டாண்டுகள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு விமானம் வரும், போகும். எது எந்த ஸ்டாண்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முந்தின நாளே ஒரு பட்டியல் போட்டுத் தரும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. கேட்பதற்கு ரப்பர் ஸ்டாம்பு வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஏழாம் ஸ்டாண்டிலும் எட்டாம் ஸ்டாண்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய விமானங்களை நிறுத்தினால் இறக்கையோடு இறக்கை இடிக்கும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பதினொன்றாவதில் தரை லேசாக இறங்கியிருக்கிறது, மழை பெய்தால் அங்கே ஏணி வண்டி வழுக்கும் என்பதும் தெரியாது. மென்பொருள்காரர்களுக்கு நான்கு முறை எழுதிப் போட்டார். நான்கு முறையும் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஏழும் எட்டும் அப்படியே இருந்தன. எனவே தினமும் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அவர் கைவைத்து மாற்றுவார். மாற்றிய பிறகும் அதன் தலைப்பில் 'கணினிப் பட்டியல்' என்றே அச்சாகும்.

இப்படிப்பட்டவருக்குப் பயிற்சி மேல் ஏன் அத்தனை மோகம்? எல்லாம் ஒரு நாற்காலிக்காகத்தான். இரண்டாம் மாடியில் திட்டப் பிரிவு இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் விமான நிலையத்தின் சின்ன மாதிரி, சுவர் நிறைய வரைபடம், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருப்பவர்தான் புதுக் கட்டடம் எங்கே வர வேண்டும், புது ஸ்டாண்டு எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வார். யாரோ அளந்து வைத்த ஏழையும் எட்டையும் வைத்துக்கொண்டு மாரடிக்கும் மனிதருக்கு, அளக்கும் இடத்துக்கே போய்விட வேண்டும் என்று ஆசை வராதா? ஆறு மாதத்துக்கு முன் அந்த நாற்காலிக்காரர் ஓய்வு பெற்றார். தகவல் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். உள்ளே வேலை செய்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், 'விமான நிலையத் திட்டமிடல், உத்தி மேலாண்மை' என்ற ஐந்து நாள் பயிற்சியை முடித்த சான்றிதழ் கட்டாயம். அவரிடம் இருந்த பதினான்கில் அது இல்லை. புன்னகை இருந்தது, அது இல்லை.

அந்த அலுவலகத்தில் பயிற்சிக்கு ஆள் அனுப்பும் முறையையும் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டியவரை அனுப்புவார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரியாது என்று அர்த்தம். யார் இல்லாவிட்டால் வேலை நிற்காதோ அவரைத்தான் அனுப்புவார்கள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 'பயிற்சிக் காலத்தில் இவரது பணியை யார் செய்வார்?' முதல் தடவை அவர் அதில் பக்கத்து மேஜைக்காரர் பெயரை எழுதினார். பக்கத்து மேஜைக்காரர் குதியோ குதி என்று குதித்தார். விண்ணப்பம் ரத்தானது. அடுத்த தடவை சாமர்த்தியமாக, 'யாரும் தேவையில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, காகிதம் ஓட்டையாகிற அளவுக்கு ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தார். மேலாளர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

அப்படியானால் அந்த நாட்களில் வேலை எப்படி நடந்தது? அவரே செய்தார், வேறு யார்! வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய், ஆறிலிருந்து எட்டுவரை உட்கார்ந்து அடுத்த நாள் பட்டியலைத் திருத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். பகலில் ஏதாவது விமானம் தாமதமானால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் போன் செய்வார்கள். கழிவறைப் பக்கம் ஒதுங்கி நின்று வழி சொல்லிவிட்டு வகுப்புக்குள் போவார். இது மேலாளருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

"ஊரெல்லாம் ட்ரெயினிங்னா ஹாயா காபி குடிச்சுட்டு வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் ரெண்டு ஷிப்ட் பாக்கறீங்க" என்பாள் அவள்.

"ஒரு நாற்காலிக்குத்தானே. கிடைச்சுட்டா அப்புறம் எதுக்கு?"

"கிடைச்சுட்டா பார்ப்போம்."

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பார்த்து, நம்பிக்கை என்பதை அளந்துதான் வைத்திருந்தாள்.

பதினைந்தாவது பயிற்சி ஒரு ஹோட்டலின் அடித்தளக் கூடத்தில் நடந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் பழிவாங்குவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. பல விமான நிலையங்களிலிருந்து இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். நடத்தியவர் ஓர் ஆலோசனை நிறுவனத்து ஆலோசகர், முப்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் மைக், எதைச் சொன்னாலும் "சூப்பர் சார்." முதல் இரண்டு நாள் பிரமாதமாகப் போனது. பத்து வருடம் கழித்து எத்தனை பயணி வருவார்கள் என்று எப்படிக் கணிப்பது, ஓடுபாதையை எந்தத் திசையில் போடுவது, புதுக் கட்டடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ட்ரெயினிங் சார் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். முக்கியமான இடத்துக்கெல்லாம் அடியில் இரண்டு கோடு. ஏழும் எட்டும் ஏன் நெருங்கிப் போயின என்று இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உத்தி மேலாண்மை ஆரம்பித்தது. சனியும் அங்கேதான் ஆரம்பித்தது.

"எதைச் செய்யணும்னு முடிவு பண்றது சுலபம். எதைச் செய்ய வேண்டாம்னு முடிவு பண்றதுதான் உத்தி" என்றார் ஆலோசகர். பிறகு குழுவாகப் பிரித்து, 'அ' என்ற விமான நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். நாற்பத்துநான்கு ஸ்டாண்டு, தினம் நூற்றெண்பது விமானம். வேலை நிலைகள் பெயரில்லாமல் எண்ணாக மட்டும் இருந்தன. ஒவ்வொரு குழுவும் வேண்டாத ஒரு நிலையைக் கண்டுபிடித்துக் காரணத்தோடு எழுத வேண்டும். சிறந்த அறிக்கை எழுதும் குழுவின் தலைவருக்குச் சான்றிதழில் 'தனிச்சிறப்பு' என்று முத்திரை உண்டு.

தனிச்சிறப்பு! அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி நேர்காணலில் அந்த முத்திரையைத் தூக்கிப் போட்டால் எவன் எதிரே நிற்பான்? குழுத் தலைவர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழுவில் இருந்த தீயணைப்பு நிலைய அதிகாரி அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. அவர் வேறொரு விமான நிலையத்துக்காரர். தடித்த கண்ணாடி, கண்டிப்பான குரல். எல்லாரையும் தம்பி என்றோ சார் என்றோ அழைப்பார், மனநிலையைப் பொறுத்து.

பக்கம் பக்கமாகப் புரட்டிய ட்ரெயினிங் சார் இருபத்தேழாம் எண்ணில் நின்றார். 'தரவுச் சரிபார்ப்பு உதவி, நிலை இரண்டு. கணினி வெளியீட்டைச் சரிபார்த்து ஒப்பமிடுதல். இந்நிலையில் இருப்பவர் பதினான்கு முறை, மொத்தம் எழுபது நாள் பணியில் இல்லை. மாற்று ஆள்: இல்லை. பணியில் பாதிப்பு: இல்லை.'

"மாட்டினாரா!" என்று மேஜையைத் தட்டினார். "பாருங்கம்மா, கம்ப்யூட்டர் போடுது, இந்த ஆளு கையெழுத்து போடறான். எழுபது நாள் ஆளே இல்லை. யாராவது கேட்டாங்களா? ஒரு ஈ காக்கா கேக்கலை."

தீயணைப்பு அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அஞ்சு நாள் நெருப்பு பிடிக்கலைன்னா என் ஸ்டேஷனும் வேணாம்னு எழுதுவீங்களா? எப்படி நடந்துச்சுன்னு யாராவது போய்ப் பார்த்தாங்களா, சார்?"

"உங்க வேலை வேற, இது வேற. இது சும்மா ஒப்புக்குச் சப்பாணி."

"யாரு வீட்டு அடுப்போ, என்னமோ. எனக்கு மனசு ஒப்பலை."

"உத்தின்னா மனசை ஓரமா வெச்சுட்டுப் பேசணும்மா" என்றார் ட்ரெயினிங் சார். இதைக்கூட அன்று காலையில்தான் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அவரே முன்னால் போய் நின்று பத்து நிமிடம் பேசினார். 'ஒருவர் இல்லாதபோது எதுவும் நிற்கவில்லை என்றால், அவர் இருக்கும்போதும் எதுவும் நடக்கவில்லை' என்று முடித்தார். கூடம் கைதட்டியது. ஆலோசகர் "சூப்பர் சார்!" என்று ஓடிவந்து கைகொடுத்தார். அன்று மாலையும் ஸ்கூட்டரில் போய், அடுத்த நாள் பட்டியலைத் திருத்தி, ஏழில் இருந்த பெரிய விமானத்தை எடுத்துப் பன்னிரண்டில் போட்டுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

நான்காம் நாள் மத்தியானம், அறிக்கைக்கு ஆதாரமாக இணைக்கச் சொல்லி, அந்த இருபத்தேழாம் நிலைக்காரரின் பயிற்சி விண்ணப்ப நகல்களை ஆலோசகர் கொடுத்தார். பெயரின் மேல் கறுப்புப் பட்டை அடித்திருந்தது. தீயணைப்பு அம்மாதான் முதலில் வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று புரட்டினார். பிறகு மேஜையில் திறந்து கிடந்த ட்ரெயினிங் சாருடைய நோட்டைப் பார்த்தார். மறுபடியும் நகலைப் பார்த்தார்.

"தம்பி" என்றார் மெதுவாக. "இந்த ரெண்டு கோடு உங்க கோடு மாதிரி இருக்கே."

'யாரும் தேவையில்லை.' அடியில் இரண்டு கோடு. ஓட்டை விழுந்த முற்றுப்புள்ளி. பதினான்கு தாளிலும் பதினான்கு ஓட்டை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவர் அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தார். எண்களை மறுபடி பார்த்தார். நாற்பத்துநான்கில் பாதி இருபத்திரண்டு. நூற்றெண்பதில் பாதி தொண்ணூறு. ஒரு வரைபடத்தைப் பார்த்தாலே எது எந்த விமான நிலையம் என்று சொல்லக்கூடிய மனிதர், கைதட்டலுக்கு ஆசைப்பட்டுத் தன் வீட்டு வாசலையே அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறார்.

ஆலோசகரைத் தேநீர் மேஜையருகே பிடித்தார்.

"இது எங்க ஏர்போர்ட்டா?"

ஆலோசகர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க... அந்த ஏர்போர்ட்டா சார்? சாரி சார். உங்க நிர்வாகமும் எங்ககிட்ட ஆய்வு கேட்டிருக்காங்க. ரகசியமா இருக்கணும்னுதான் ஸ்டாண்டு கணக்கையும் விமானக் கணக்கையும் ரெண்டால பெருக்கினோம்."

"விமானத்தை ரெண்டாக்கினீங்க, ஸ்டாண்டை ரெண்டாக்கினீங்க. என்னை மட்டும் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்களே!"

"நீங்கதான் இருபத்தேழா சார்?"

"நான்தான்யா இருபத்தேழு! அந்த எழுபது நாளும் வேலையை நான்தான் பார்த்தேன். சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்தேன். பாதிப்பு எப்படிய்யா வரும்?"

ஆலோசகர் உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நகலை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "ஆனா அதை எழுத ஃபார்ம்ல கட்டமே இல்லையே சார். நீங்களும் எழுதலையே."

"சரி, என் குழு அறிக்கையைத் திருப்பிக் கொடுங்க."

"நேத்தே அனுப்பிட்டேன் சார், ஆதாரம்தான் பாக்கி. உங்களோடதுதான் பெஸ்ட். அடுத்த வாரம் நிர்வாகக் கூட்டத்துல வைக்கறாங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். இருபத்தேழாம் நிலை போனால் அவர் உள்ளே வேலை செய்பவரே இல்லை. உள்ளே இல்லாதவர் நாற்காலிக்கு விண்ணப்பிக்க முடியாது. கையில் தனிச்சிறப்பு முத்திரையோடு தெருவில் நிற்கலாம்.

ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தார். விமான நிலையத்துப் பக்கம் திரும்பும் சிக்னலில் நின்றார். பச்சை விழுந்தது, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்போதுதான் வந்திருந்தாள். ஆறு மணிக்கு வீட்டில் நிற்கும் புருஷனைப் பார்த்துப் பதறிப்போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, என் காருல எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல? கத்துக்கறவன் பிரேக் போடலைன்னா நான் போட்டுடுவேன். வண்டி நிக்கும். அவன் என்ன நினைப்பான் தெரியுமா? தானே நிறுத்திட்டதா நினைப்பான். ரெண்டே நாள்ல, 'மேடம் சும்மாதான் உக்காந்திருக்காங்க'ன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லுவான்."

"நீ என்ன பண்ணுவே?"

"காலி மைதானத்துல ஒரு தரம் காலை எடுத்துடுவேன். கல்லுல போய் லேசா முட்டுவான் பாருங்க, அப்போ தெரியும்."

"என்னோடது காலி மைதானம் இல்லையேம்மா."

"ஆளுக்கு ஏதாவது ஆகுமா?"

அவர் யோசித்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இறக்கை இடிக்கும் தூரத்துக்கு வருமுன்பே கீழே நின்று கைகாட்டுபவர் விமானத்தை நிறுத்திவிடுவார். ஆனால் நின்ற விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் பின்னால் இன்னொன்று நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திட்டுவார்கள்.

"ஆகாது" என்றார். போனை அணைத்து அலமாரியில் வைத்தார். அன்று மாலை முழுக்க எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த சோற்றுக் கரண்டியையே பிடுங்கிக்கொண்டு சமையலில் குறை சொல்லி, ஒரு வழி பண்ணிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குச் சான்றிதழ் விழா. சிறப்பு விருந்தினர் யார் என்கிறீர்கள்? அவருடைய மேலாளரேதான். மேடையில் பூங்கொத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "எங்க ட்ரெயினிங் சாருக்குத் தனிச்சிறப்புன்னு கேள்விப்பட்டேன், எங்களுக்குப் பெருமை" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்த போன் அலறியது. துண்டித்தார். மறுபடி அலறியது. மூன்றாவது தடவை எடுத்துக் காதில் வைத்தார். சட்டையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துபோனார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசியவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "சார், ஏழுல ஒரு பெருசு நிக்குது, எட்டுக்கு இன்னொரு பெருசை அனுப்பிடுச்சு கம்ப்யூட்டர். நடு வழியில நிக்குது சார். பின்னாடி ரெண்டு காத்திருக்கு. ட்ரெயினிங் சார் போன் அணைஞ்சு கிடக்கு. நேத்து பட்டியலை அவரு திருத்தவே இல்லை சார்!"

"அவரு எதுக்குத் திருத்தணும்? அவரு இங்கல்ல இருக்காரு?"

"தினம் அவருதானே சார் திருத்துவாரு!"

மேலாளர் கூட்டத்தைத் துழாவிப் பார்த்தார். ட்ரெயினிங் சார் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகக் கூடாது என்றுதான் இருந்தார். நாற்பது நிமிடமாவது அவர்களே முட்டிக்கொள்ளட்டும், அப்போதுதான் ஒரு தாளிலாவது பாதிப்பு என்று எழுதுவார்கள். ஆனால் நடுவழியில் நிற்கும் விமானம் கண்முன் வந்தது. முந்நூறு பேர். ஏதோ ஒரு குழந்தை நிச்சயம் அழுதுகொண்டிருக்கும். பாழாய்ப்போன கால் தானே எழுந்து நடந்தது.

போனை வாங்கினார். "ஏழுல இருக்கறதை அசைக்காதே. நடுவுல நிக்கறதைப் பன்னிரண்டுக்குத் திருப்பு. பன்னிரண்டுல சின்னது இருக்கும், பதினஞ்சு நிமிஷத்துல கிளம்பற வண்டிதான், அதை முன்னாடியே இழுத்து வெளிய விடு. பின்னாடி இருக்கறதுல முதலாவது மூணு, ரெண்டாவது பத்தொம்பது. பதினொண்ணைத் தொடாதே, நேத்து மழை." நான்கு நிமிடம் ஆனது. கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

மேலாளர் போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மைக்கில் சிரித்தார். "நல்லவேளை. பாதிப்பு எதுவும் இல்லை."

அந்த ஒரு வார்த்தை! பதினோரு வருடத்து எரிச்சலும் ட்ரெயினிங் சாருக்குத் தொண்டைக்கு வந்தது.

"சார், அதை மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை இல்லாமலே ஆக்கிட்டீங்க. தெரியாம நானும் கூடச் சேர்ந்து எழுதிட்டேன்." ஆலோசகர் பக்கம் திரும்பினார். "இந்தப் பயிற்சிக்கு நான் போட்ட விண்ணப்பம் உங்க ஃபைல்லதானே இருக்கு? எடுங்க."

ஆலோசகர் எடுத்துக் கொடுத்தார். 'யாரும் தேவையில்லை' என்பதை அவர் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'இவரே. வகுப்பு முடிந்தபின், மாலை ஆறு முதல் எட்டு வரை. இதுவரை பதினைந்து பயிற்சியிலும் இப்படித்தான். இவர் இல்லாமல் ஸ்டாண்டு வேலை நடக்காது.' அடியில் இரண்டு கோடு போட்டு மேலாளரிடம் நீட்டினார்.

"கையெழுத்து போடுங்க சார்."

"இதெல்லாம் ஆபீஸ்ல போய் நிதானமா..." என்று மேலாளர் இழுக்கும்போதே பையில் போன் மறுபடி அலறியது. எடுத்துக் கேட்டுவிட்டு அவரிடமே நீட்டினார். ட்ரெயினிங் சார் அதை வாங்கவில்லை.

"முதல்ல கையெழுத்து."

"அடப் போங்கப்பா, விமானம் நிக்குதாம்!"

"நிக்கட்டும் சார்."

"பேனா இல்லையே."

பயிற்சிப் பையில் கொடுத்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இதே மாதிரி பதினான்கு கிடந்தன. தீயணைப்பு அம்மா எழுந்து வந்து, தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளத் தன் கோப்பைத் தூக்கிப் பிடித்தார். "போடுங்க சார், போடுங்க. நெருப்பு பிடிச்ச அன்னிக்குத்தான் எங்களுக்கும் போடுவாங்க." மேலாளர் போட்டார். அதன் பிறகுதான் ட்ரெயினிங் சார் போனை வாங்கிக் காதில் வைத்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு விமானம் அவர் கைக்காகக் காத்திருந்தது. மூன்று நிமிடம்.

வேலை பிழைத்தது. நிர்வாகக் கூட்டத்தில் இருபத்தேழாம் நிலையை எடுக்க வேண்டாம் என்று முடிவானது. அந்தத் திருத்திய தாளைத்தான் ஆதாரமாக வைத்தார்களாம். அவர் அந்த வாரமே நாற்காலிக்கு விண்ணப்பித்தார். பதினைந்து சான்றிதழ், மேலே தனிச்சிறப்பு முத்திரை. நேர்காணலில் ஏழையும் எட்டையும் எப்படி அகலப்படுத்துவது என்று வரைந்தே காட்டினார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய், "இந்தத் தடவை கிடைச்ச மாதிரிதான்" என்று சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். 'தங்கள் தகுதியைக் குழு பாராட்டுகிறது. எனினும் தாங்கள் இப்போது செய்யும் பணி தாங்கள் இல்லாமல் நடைபெறாது என்பது மேலாளரின் ஒப்பத்தோடு பதிவாகியுள்ளதால், தங்களை அப்பணியிலிருந்து விடுவிக்க இயலவில்லை. ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.'

இணைப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இரண்டு கோடு.

அந்த நாற்காலி, பெட்டி தள்ளும் டிராலிப் பிரிவில் இருந்த ஒருவருக்குப் போனது. நல்ல பையன்தான், குற்றம் சொல்ல முடியாது. அவன் இல்லாவிட்டால் டிராலி வேலை நிற்காது என்று அவன் பிரிவில் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அந்தச் சான்றிதழ் அவனிடம் இன்னும் இல்லை. அடுத்த மாதம் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள்.

மாலையில் கடிதத்தை வீட்டுக்காரியிடம் கொடுத்தார். அவள் இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக்கூட வாயில் கிண்டல் வரவில்லை.

"அப்போ என்னதாங்க எழுதணும் அந்தக் கட்டத்துல?" என்றாள்.

"தெரியலைம்மா. தேவையில்லைன்னா வேலை போகுது. தேவைன்னா வேலை விடமாட்டேங்குது. எனக்கு வாயில நல்லா வருது."

அதற்குள் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். எட்டுக்குப் பெரிய விமானம் ஒன்று வருகிறதாம், ஏழில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதாம், மேலே திட்டப் பிரிவில் புதிதாக வந்தவரைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறாராம்.

ட்ரெயினிங் சார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பன்னிரண்டுல போடு" என்றார்.